ஆற்றில் நான் எறிந்த முதல் கல்

நைனா,

போனில் உன்னோடு சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் பேச முடிவதில்லை. நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது, அவ்வளவுதான். நேரில் வந்தாலோ சாப்பாட்டுத் தட்டு காலியாவதற்குள் வண்டிச் சாவியைத் தேடுகிறாய். அதனால்தான் தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள். நம் குப்பத்துப் பெண்களுக்கு வருஷக் கணக்காக மனு எழுதிக் கொடுத்த கை இது. பெரிய பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன், பெற்ற மகனுக்குப் புரியாமலா போகும்? முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன். உன் மேல் கொஞ்சம், என் மேல் அதைவிட அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டை ஓட்டலில் ஷாலினியின் அப்பா அம்மாவோடு சாப்பிட்டோமே, அன்றையிலிருந்து என் மனசு ஆறவில்லை. கல்யாணம் முடிந்ததும் ஷாலினியை அதே இமாச்சல ஆற்றுக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னாய். அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. அதோடு நிறுத்தினாயா? போன வருஷம் அம்மாவைக் கூட்டிப் போன கதையை இங்கிலீஷில் எடுத்துவிட்டாய். மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பயந்துபோய்த் தண்ணீரில் கல்லாக எறிந்து ஒரு மீனையும் பிடிக்க விடவில்லை என்று கையை வீசி நடித்துக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். ஷாலினியின் அம்மா என் கையைத் தட்டி, "பரவாயில்லீங்க, எங்க வீட்லயும் நான் இப்படித்தான்" என்றார். உன் அப்பா, படகு எஞ்சின் சத்தத்தில் ஒரு காது போன மனுஷன், என் பக்கம் குனிந்து "இன்னா சொல்றான்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, துன்னுங்க" என்றேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது என்று நினைத்தாயா? மயிலாப்பூரில் மீன் கூடையோடு முப்பது வருஷம் குந்தியிருக்கிறேன். டாக்டர் வீட்டம்மாவிலிருந்து கான்வென்ட் டீச்சர் வரை எத்தனை பேரிடம் பேரம் பேசியிருப்பேன். நீ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நீ சொல்லாமல் விட்டதும் புரிந்தது.

அந்த நாளை நான் எழுதுகிறேன். நீ சொல்கிற மாதிரி இல்லாமல், நடந்தது நடந்தபடி. என் தரப்பில் தப்பு இருக்கிற இடத்தையும் மறைக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

நீ இரண்டு வருஷம் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது பெட்டியில் துணியைவிட அந்தத் தூண்டில் சாமான்தான் அதிகமாக இருந்தது. உன் கொட்டிவாக்கம் ஃபிளாட்டின் மொட்டை மாடியில் நின்று, முன்னும் பின்னும் நூலை வீசிப் பழகுவாய். கீழ் வீட்டுக்காரர்கள் காற்றாடி விடுகிறாய் என்று நினைத்தார்கள். ஒரு நாள் உன் அப்பா பார்த்துவிட்டு வந்து, "தண்ணியே இல்லாத எடத்துல மீன் புடிக்கிறான் உன் புள்ள" என்றார். கேலியாகச் சொன்னாலும் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அப்புறம் போன மே மாதம் நீ வந்து, "அம்மா, பனி பாக்க போலாம் வா, அப்பிடியே நான் ரெண்டு நாள் ட்ரவுட் மீன் புடிப்பேன்" என்றாய். அப்பா முட்டி வலி என்று வரவில்லை. நான் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஆற்றின் பெயர் இன்னமும் என் வாயில் நுழையவில்லை. ஆனால் காலையில் அதைப் பார்த்தது மட்டும் கண்ணில் அப்படியே இருக்கிறது. நம் அடையாறு முகத்துவாரத்தைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றால் ஒரு நிறமும் ஒரு நாற்றமும்தான் தெரியும். இது கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். விரலை விட்டால் எலும்பு வரை குளிர்ந்தது. துணைக்கு வந்த தேவ் என்ற அந்த ஊர் ஆள் உன்னிடம் இந்தியில் என்னவோ விளக்கினான். நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: "காலையில தண்ணி கம்மியா இருக்கும்மா. வெயில் ஏற ஏற மேல பனி உருகும், மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறும். ரெண்டு மணிக்குள்ள இந்தக் கரைக்கு வந்துடணுமாம்." நீ சொன்னது இது. உன் வாயால் சொன்னது. அப்புறம் தேவ் மதியச் சாப்பாடு எடுத்து வர மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனான். நீ மார்பு வரை ஏறுகிற அந்த ரப்பர் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, முட்டியளவு ஓடையைக் கடந்து, நடு ஆற்றில் இருந்த கூழாங்கல் திட்டில் போய் நின்றாய். நான் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிப் பக்கத்துத் தட்டைக் கல்லில் வைத்தேன்.

சொல்கிறேன், எனக்கு அந்த மீன்பிடிப்பு ஒன்றும் புரியவில்லை. தூண்டில் முள்ளில் இரையே இல்லை. கோழி இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைச் செய்து, அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவது. முள்ளின் கொக்கியையும் குறட்டால் நசுக்கியிருந்தாய், மீனுக்கு வலிக்கக் கூடாதாம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு மீன் மாட்டியது. பழுப்பு உடம்பு, சிவப்புப் பொட்டு, நல்ல மினுமினுப்பு. பார்த்த மாத்திரத்தில் மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. நீ அதைத் தண்ணீரைவிட்டு முழுசாக எடுக்கக்கூட இல்லை. கையில் ஏந்தி, தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பி, மெல்ல விட்டுவிட்டாய்.

"துன்னாத மீன இன்னாத்துக்குடா புடிக்கிற?" என்று கத்தினேன்.

"இது வெளையாட்டும்மா."

"மீனுக்குமா?"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலில் ராத்திரி பகல் பார்க்காமல் வலை இழுத்து, வெறும் வலையோடு கரைக்கு வந்து மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்தவள் நான். பிடித்த மீனை விட்டுவிடுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொப்பி போடு என்றேன். பிஸ்கட் தின்ன வா என்றேன். ஃபிளாஸ்க்கில் டீ ஆறுகிறது என்றேன். கால் வழுக்கும், தள்ளி நில் என்றேன். ஆறேழு தடவை கூப்பிட்டிருப்பேன். முதல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். அப்புறம் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது மீன் மாட்டியது. முதலில் வந்ததைவிடப் பெரியது. கம்பு வில்லாக வளைந்தது. நீ முட்டியை மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, நூலை விட்டு விட்டு இழுத்தாய். கடைசியில் மீனை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் திரும்பி, "அம்மா, பாரு!" என்று கத்தினாய். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அப்போது உனக்குப் பதினோரு வயது.

உனக்கு அது ஞாபகம் இருக்கும். முழுப் பரீட்சை லீவில், எனக்குத் தெரியாமல், விடியற்காலையில் அப்பாவோடு படகில் போய்விட்டாய். பட்டினப்பாக்கம் மணலில் நான் பைத்தியக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். என் மைக்கேல் அண்ணனை நீ பார்த்ததில்லை. நான் கல்யாணம் ஆகாமல் இருந்த காலத்தில், ஒரு ஐப்பசி மாசம், ஆற்று வெள்ளமும் கடல் அலையும் மோதுகிற முகத்துவாரத்தில் அண்ணன் போன படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அடையாளம் சொல்ல என்னைத்தான் கூட்டிப் போனார்கள். அதனால் நீ பிறந்ததுமே அப்பாவிடம் மாதா கோவிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தேன், என் பிள்ளை கடலில் கால் வைக்கக் கூடாதென்று. அன்று படகு கரை தட்டியதும் நீ குதித்து ஓடி வந்தாய். கையில் ஒரு சங்கரா மீன். "அம்மா, பாரு! நானே புட்சேன்!" என்றாய். நான் அத்தனை பேர் எதிரில் உன் கன்னத்தில் அறைந்தேன். மீனைப் பிடுங்கி மணலில் வீசினேன். நாய் தூக்கிக்கொண்டு ஓடியது. நீ அழக்கூட இல்லை. நாய் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த மாசமே உன்னைத் தாம்பரம் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன்.

அதே முகத்தோடு நீ ஆற்றில் நின்றாய். முப்பத்தொரு வயதில், வெளிநாட்டுக்காரனிடம் கற்றுக்கொண்ட வித்தையோடு, ஊர் பேர் தெரியாத தண்ணீரில். உன் அப்பா சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டு, நான் கெடுத்த அந்தச் சந்தோஷம் உன் முகத்தில் இருந்தது. எனக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷமோ அழுகையோ. வந்தது ஆத்திரம். யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து, நீ மீனை விட்டுவிட்டு நூலைச் சரி செய்துகொண்டிருந்தபோது, உனக்கு முன்னால் இருந்த மடுவில் எறிந்தேன். தொளக் என்று விழுந்தது.

"இன்னாம்மா பண்ற?" என்றாய்.

"கை தவறி வுழுந்துச்சி" என்றேன்.

பொய் என்று உனக்குத் தெரியும். "சும்மா குந்திகினு இரும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாய். கோபம் வந்தால்தான் உனக்கு நம் பேச்சு வருகிறது.

கவனித்துக்கொள். அந்த முதல் கல் உன் உயிருக்காக எறிந்தது இல்லை. அப்போது தண்ணீர் ஏறவே இல்லை. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் இதமாக இருந்தது, கண் அசந்துவிட்டேன் போல. விழித்தபோது ஏதோ வித்தியாசமாகப் பட்டது. தட்டைக் கல்மேல் வைத்த செருப்பில் ஒன்றைக் காணோம், மற்றது நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. காலையில் அந்தக் கல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஆற்றைப் பார்த்தேன். கண்ணாடி போய், பால் குறைந்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஊசி ஊசியாகத் தேவதாரு இலைகள், நுரைத் துணுக்குகள், சுள்ளிகள் மிதந்து போயின. சத்தமும் மாறியிருந்தது. மேலே சலசலப்பு குறைந்து, அடியில் கட கடவென்று கல் உருளுகிற சத்தம். மழைக்காலத்தில் முகத்துவாரம் உடைத்துக்கொள்வதற்கு முன் ஆறு போடுகிற சத்தத்தைக் கேட்டவளுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். நேரம் இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை. தேவ் சொன்ன இரண்டு மணிக்கு நிறைய இருந்தது. ஆனால் மேலே மலைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. அங்கே பனி மட்டும் உருகவில்லை, மழையும் பெய்திருக்கிறது.

"ஜெரால்டு! தண்ணி ஏறுது, வாடா!"

நீ திரும்பாமலே கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினாய். ஐந்து நிமிஷமாம். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் ஐந்து விரல். உன் திட்டில் காலையில் பத்துப் பேர் நிற்கலாம். இப்போது நீ நிற்கிற இடமும் கொஞ்சமும்தான் மிச்சம். தொண்டை கிழியக் கத்தியும் நீ அசையாததால் கல்லை எடுத்து எறிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் உன் மீன் இருக்கிற மடுவில். அப்போதுதான் திரும்பினாய். அப்படி ஒரு கோபத்தை உன் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"இன்னாம்மா ஒனக்கு? மறுபடியுமா? ஒரு நாள் நிம்மதியா வுட மாட்டியா நீ?"

"தண்ணிய பாருடா பாவி!"

"பாத்துகினுதான் கீறேன்! ரெண்டு மணிக்குதான் ஏறும்! போன்லயும் மழை இல்லன்னுதான் காட்டுச்சு!"

அந்த நேரத்தில் பச்சை இலையோடு ஒரு பெரிய மரக்கிளை உனக்கும் எனக்கும் நடுவில் சுழன்றுகொண்டு போனது. அதை நீயும் பார்த்தாய். உன் முகம் மாறியதைக் கரையிலிருந்தே கண்டேன். காலையில் முட்டியளவு இருந்த ஓடைக்குள் காலை வைத்தாய், தொடை வரை வந்தது. நாலு எட்டில் இடுப்பு. ஒரு கையில் அந்தத் தூண்டில் கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாய், குழந்தையைத் தூக்குகிற மாதிரி.

"கம்ப வுட்றா! ரெண்டு கையாலயும் வாடா!"

நீ விடவில்லை. அப்புறம் கால் வழுக்கியது. ஒரு முழுக்கு. எழுந்தபோது ரப்பர் பேன்ட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கக் காலையில் இறுக்கிக் கட்டிய இடுப்பு பெல்ட்டை, முதல் மீனை விட்டதும் நீ தளர்த்தியதைப் பார்த்திருந்தேன். பாறை ஒன்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றாய். ஒரு அடி முன்னே வர முடியவில்லை.

எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அந்த ஓட்டத்தில் நான் இறங்கினால் இரண்டு பேரும் போவோம் என்பதும் தெரியும். புடவையை அவிழ்த்தேன். நைலக்ஸ் புடவை, ஈரமானாலும் கிழியாது. ஒரு தலைப்பைக் கரையோர மரத்து வேரில் சுற்றி முடிந்தேன். மறு முனையில் எடைக்கு ஒரு கல்லை வைத்து முடிச்சுப் போட்டேன். ஸ்வெட்டரும் உள்பாவாடையுமாகத் தொடை வரை தண்ணீரில் இறங்கி, வேரைப் பிடித்துக்கொண்டு எறிந்தேன். முதல் தடவை ஓட்டம் இழுத்துக்கொண்டது. இழுத்துச் சுருட்டி மறுபடி எறிந்தேன், உன் தோள்மேல் போய் விழுந்தது. அன்று நான் எறிந்ததிலேயே சரியாக விழுந்த கல் அதுதான்.

"மணிக்கட்டுல சுத்திக்கோ! பாறைய வுட்ரு!"

"கம்பு, அம்மா..."

"கம்பா நானாடா!"

விட்டாய். அது போன வேகத்தைப் பார்த்துத்தான் ஆறு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாறையை விட்டதும் தண்ணீர் உன்னைக் கீழே இழுத்துப் போய், புடவை விறைத்து, வளைவாகக் கொண்டுவந்து கரையில் மோதியது. நான் ஓடி வந்து காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். நீ கவிழ்ந்து படுத்து இருமினாய். உன் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பல் கிட்டிப் போயிருந்தது. ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

தேவ் அப்போதுதான் இன்னும் இரண்டு ஆட்களோடு ஓடி வந்தான். மேலே மழை என்று கேள்விப்பட்டுச் சாப்பாட்டைக்கூட எடுக்காமல் திரும்பியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மேலிருந்த கம்பளிச் சால்வையைப் பின்பக்கமாக நீட்டினான். நீ தலையைத் தூக்கினாய். உயிரோடு கரையேறி நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"புடவைய கட்டும்மா மொதல்ல. ஆளுங்க பாக்குறாங்க."

அதற்கப்புறம் அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். அப்பாவிடம் "தூண்டில் தொலஞ்சிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னாய். பத்து மாசம் கழித்து அது ஓட்டலில் சிரிப்புக் கதையாக வந்தது. அதில் தண்ணீர் ஏறவில்லை, நீ விழவில்லை, புடவையும் இல்லை. கல் மட்டும் இருந்தது.

ஓட்டலிலிருந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் உன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நூல எப்புடி வீசுனான்?" என்றார்.

"அதுவா இப்ப முக்கியம்?"

"சொல்லு."

"நல்லாத்தான் வீசினான். நீங்க வீச்சு வலைக்கு நிப்பீங்களே, ஒரு கால முன்னால வெச்சி, அப்பிடித்தான் நின்னான்."

சரிதான் என்பது போலத் தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: "அது சரி, தண்ணி ஏறாதப்ப மொத கல்ல இன்னாத்துக்கு எறிஞ்ச?"

நான் எழுந்து புடவையை மடிக்கப் போனேன். அவரே சொன்னார்: "தொப்பிக்கும் கத்துன. டீக்கும் கத்துன. தண்ணி வந்தப்பவும் அதே கத்து. எது நெசம்னு புள்ளைக்கு எப்புடி தெரியும்? பொறந்ததுலேர்ந்து நீ அவன கூப்டுகினேதான் கீற."

அப்பாவை நான் அன்று மன்னிக்கவில்லை. இப்போதும் முழுசாக மன்னித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு நாளாகக் கூடை முன்னால் உட்கார்ந்து யோசித்தால், ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நீ மெரினாவில் கால் நனைத்தால் கத்துவேன். மழை தூறினால் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி வார்டனிடம் கத்துவேன். நீ பைக் வாங்கினபோது, ஃபிளாட் வாங்கினபோது, விமானம் ஏறினபோது. எல்லாவற்றுக்கும் ஒரே குரல். அந்தக் குரலைக் கேட்காமல் இருக்கப் பழகியதால்தான் நீ படித்து, வேலைக்குப் போய், நாடு தாண்டிப் போனாய். அந்தப் பழக்கம்தான் உன்னை ஆற்றோடு கொண்டுபோகப் பார்த்தது. அந்தப் பழக்கத்தை உனக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன்.

புடவை விஷயத்திலும் உன்னைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஒன்பதாவது படிக்கும்போது விடுமுறையில் ஆழ்வார்பேட்டையில் டியூஷனுக்கு விட்டேனே. முதல் நாள் உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினேன்? "அம்மா இன்னா பண்றாங்கன்னு கேட்டா கடை வெச்சிகினு கீறாங்கன்னு சொல்லு, மீனுன்னு சொல்லாத." சாயங்காலம் உன்னைக் கூட்டிப் போக வரும்போது கூடையைத் தெருமுனை ஜூஸ் கடையில் வைத்துவிட்டு, கைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பேன். ஒரு நாள் உன் கூடப் படிக்கிற பையன் மூக்கைச் சுளித்ததும் நீ என்னைவிட்டு நாலு அடி தள்ளி நடந்தாய். அன்றைக்கு எனக்கு வருத்தமாகக்கூட இல்லை, பிள்ளை புத்திசாலி, பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஆளுங்க பாக்குறாங்க என்று உனக்கு முதலில் சொன்னவளே நான். ஆற்றங்கரையில் அதை நீ திருப்பிச் சொன்னாய், அவ்வளவுதான். இது தெரிந்தும் வலிக்கிறது. தெரிந்ததால் வலி குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஷாலினியை அந்த ஆற்றுக்குக் கூட்டிப் போகாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுத மாட்டேன். போ. நீ தண்ணீரில் நிற்கிறபோது எப்படி இருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதை இரண்டாம் தடவை கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அவளைக் கரையில் உட்காரவைப்பதற்கு முன் நடந்ததை முழுசாகச் சொல். அம்மா பயந்தாள் என்று சொல், பயந்தேன், உண்மை. நீ பெல்ட்டைத் தளர்த்தியதைச் சொல். ஐந்து விரல் காட்டியதைச் சொல். அம்மா மீன்காரி என்று அவர்களுக்குத் தெரியும், அந்த மீன்காரி பட்டப்பகலில் ஆற்றங்கரையில் புடவையை அவிழ்த்து உன்னை இழுத்துப் போட்டாள் என்றும் தெரியட்டும். எனக்கு அதில் வெட்கம் இல்லை. உனக்கு இருந்தால், கல்யாணத்துக்கு முன் அதைத் தீர்த்துக்கொள். கட்டிக்கொள்கிறவளிடம் பாதிக் கதை சொல்லிப் பழகிவிட்டால், மிச்சப் பாதியைச் சொல்ல நேரம் வாய்க்காது. என் மைக்கேல் அண்ணனைப் பற்றி உன் அப்பாவிடம் நான் சரியாகச் சொன்னதே உன்னை அறைந்த அன்றைக்குத்தான். அதுவரை அவர், நான் கடலை வெறுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. அப்பா வாய்விட்டுக் கேட்க மாட்டார். சத்தியம் வாங்கியவள் நான், அதனால் நானே சொல்கிறேன். நாளைக்கே மாதா கோவிலுக்குப் போய் அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போ. புதுக் கம்பு வாங்கியிருக்கிறாயாமே, அதையும் எடுத்துக்கொள். அவரால் இப்போது தண்ணீரில் இறங்க முடியாது. கரையில் நின்று நீ வீசுவதைப் பார்ப்பார், நொட்டை சொல்வார். நான் வர மாட்டேன். வந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும்.

அந்த வாய் விஷயத்தில்தான் உன்னிடம் ஒரு ஒப்பந்தம் கேட்கிறேன். தொப்பிக்கும் டீக்கும் இனி உன்னைக் கூப்பிடுவதில்லை. சாப்பிட்டாயா என்று தினம் மூன்று தடவை போன் பண்ணுவதையும் விட்டுவிடுகிறேன், அதை ஷாலினி பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொள்ளாவிட்டால் நீயே பசித்துச் சாப்பிடு. இந்த வயதில் எனக்கு அது லேசாக வராது. இந்தக் கடிதம் எழுதுகிற நேரத்தில் மட்டும் இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் முயற்சி பண்ணுகிறேன். இனி எதற்காவது உன்னைக் கூப்பிட்டால் ஒரு தடவைதான் கூப்பிடுவேன், கல்லெல்லாம் எறிய மாட்டேன்.

அந்த ஒரு தடவைக்குத் திரும்பிப் பார், ஜெரால்டு.

அம்மா